எட்டாம் நம்பர் இடது மூக்கு

சம்பத்தின் வாய் ஆம்பூரில் இருந்தது. மூக்கு மட்டும் பேரணாம்பட்டுக்குக் கிளம்பிவிட்டது.

தையல் ஹால் கண்ணாடி முன்னால் நின்று அவர் மாஸ்க்கை இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உள்ளேயிருந்து ஊதியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. துணியின் முனை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"இது எந்த சைடு மேகலா?"

"எட்டாம் நம்பர், லெஃப்ட்டுண்ணா. இதோட ரைட்டு ஆரோக்கியசாமி அண்ணா போட்டுக்கினு இருக்காரு."

கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியசாமி திரும்பினார். அவருடைய மூக்கு எதிர்ப்பக்கம் வாணியம்பாடியைப் பார்த்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி இருந்தது. தையல் லைனுக்கே லீடரான மேகலா சிரிப்பை அடக்க முடியாமல் மிஷினுக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டாள்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருக்கும் ஷூ கம்பெனி அது. சம்பத் அதில் சூப்பர்வைசர். ஊரடங்கு வந்ததும் கப்பல் நின்றது, ஆர்டர் நின்றது, ஹாலில் ஃபேன் ஓடுவதும் நின்றது. கடைசியில் வந்தது இந்த மிலிட்டரி ஆர்டர். லீவு முடிந்து திரும்புகிற ஜவான்களை நேராகப் படையில் விட்டால் ஒருத்தனிடமிருந்து எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று, வேலூர்ப் பக்கம் அவர்களைத் தனியாக வைக்க ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அங்கேதான் சரக்கு போக வேண்டும்.

ஆர்டரைப் பிடித்தவர் முதலாளி ரஃபி அகமது. பிடித்த கையோடு அவரைக் கொரோனா பிடித்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது சம்பத்துக்குப் போன் போட்டார். வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

"சம்பத்து, மிலிட்டரி ஆர்டர்பா. கொரோனாவுக்கு கவர். ஜோடி ஜோடியா வேணும். எல்லா சைஸும். வாய்ல நல்ல எலாஸ்டிக்கா வை."

அப்புறம் தண்ணீர் இறங்கக் கூடாது, வழுக்கக் கூடாது என்று ரெண்டு வார்த்தை. அதோடு போன் கட் ஆனது. பாய்க்கு ஆக்சிஜன் வைத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு கூடாது என்று பிறகு அவர் மனைவி அக்தரி பேகம் சொல்லி அனுப்பினார்.

இந்த லாட் பாஸ் ஆனால் ஹால் திறந்தே இருக்கும், அடுத்தடுத்து மிலிட்டரி ஆர்டர் வரும். பாஸ் ஆகாவிட்டால் கப்பல் ஓடுகிற வரைக்கும் பூட்டுதான். லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் சம்பத்தே போன் போட்டு, வேலை வந்துடுச்சு, வாங்கம்மா என்று கூப்பிட்டிருந்தார். மேகலாவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். மாசக்கணக்கில் ஆட்டோவைத் துடைத்துத் துடைத்து அதற்குப் பளபளப்புதான் வந்ததே தவிர சவாரி வரவில்லை. இவர்களை மறுபடி போனில் கூப்பிட்டு 'வராதீங்க' என்று சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று சம்பத் போனைக் கையில் எடுக்கவே பயந்தார்.

இன்னொன்றும் உண்டு. சம்பத் இளவட்டமாக இருந்தபோது வேலூரில் மிலிட்டரிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஓடினார், தாண்டினார், நெஞ்சை விரித்தார். தட்டைக் கால் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மிலிட்டரி சொன்னால் அவருக்கு மறுபேச்சே கிடையாது. மிலிட்டரியில் கேள்வி கேட்கக் கூடாது என்பது மிலிட்டரியில் சேராத அவர் ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மேகலாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் கேட்டாள்.

"மாஸ்க்கு எதுக்குண்ணா ஜோடி?"

ஆம்பூரில் ஜோடி என்றால் ஒன்று லெஃப்ட், ஒன்று ரைட். கல்யாண ஜோடியைப் பார்த்தாலும் எது லெஃப்ட், எது ரைட் என்று கண் தேடுகிற ஊர். ஆகவே ஜோடி ஏன் என்பது சம்பத்துக்குப் பிரச்சினையே இல்லை. மாஸ்க்கில் லெஃப்ட் எதற்கு, ரைட் எதற்கு என்பதைத்தான் யோசித்தார். யோசித்துக் கண்டும் பிடித்தார். ஜவான் துப்பாக்கியில் கன்னத்தை வைத்துக் குறி பார்ப்பான். வலது கைக்காரனுக்கு மூக்கு இடது பக்கம் ஒதுங்க வேண்டும், இடது கைக்காரனுக்கு வலது பக்கம். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று அவருக்கே புல்லரித்துவிட்டது.

"அப்போ பதினொண்ணாம் நம்பரு?"

"தாடி வெச்ச ஜவானுக்கு."

முகத்துக்கு அச்சு கம்பெனியில் கிடையாது. ஷூ தைக்கிற, பாத வடிவக் கால் கட்டைகள்தான் நம்பர் வாரியாக ரேக்கில் இருந்தன. அதன் முனையில் துணியைப் போர்த்தி மூக்குக்கு வடிவம் எடுத்தார் ஆரோக்கியசாமி. அதனால் வந்த வினைதான் பேரணாம்பட்டும் வாணியம்பாடியும்.

அது போகட்டும், துப்பாக்கிக்கு நல்லதுதானே என்று சம்பத் அடுத்த வேலைக்குப் போனார். தண்ணீர் இறங்கக் கூடாது. ஸ்டோரில் ரெயின்கோட்டுத் துணி ஒரு ரோல் கிடந்தது. அதில் தைத்து, ஆரோக்கியசாமிக்கு மாட்டி, வெளியே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. காற்றும் இறங்கவில்லை.

ஆரோக்கியசாமி கொஞ்ச நேரம் கம்பீரமாக நின்றார். அப்புறம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். பேச்சுவார்த்தையே இல்லாத மச்சானைப் பெயர் சொல்லி மன்னித்தார். அவன் எடுத்துக்கொண்டு போன கிரைண்டரையும் சேர்த்து மன்னித்தார். மேகலா ஓடிவந்து மாஸ்க்கைப் பிடுங்கினாள். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாக மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும் என்று முடிவானது. மாஸ்க்கை நீளமாக்கினார்கள், ஆழமாக்கினார்கள். இப்போது அது மூஞ்சியை மொத்தமாகப் போட்டு வைக்கிற பை மாதிரி ஆகிவிட்டது. பாரம் தாங்காமல் காது ரெண்டும் முன்னால் மடங்கின. காதுக் கயிறே வேண்டாம், பையின் வாய் முழுக்க வட்டமாக எலாஸ்டிக் வைத்துவிடு, தலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் என்றார் சம்பத். பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியில் மாஸ்க் மேலே மேலே ஏறிக் கண்ணை மூடியது. அதைப் போட்டுக்கொண்டு நடந்த மேகலா மூன்று மிஷினிலும் ஒரு சுவரிலும் முட்டிவிட்டு, கடைசியில் முதலாளி ரூமுக்குள் போய் நின்றுகொண்டு கழிவறை எங்கே என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து முகாமிலிருந்து போன். சுபேதார் ஜோசுவா. சொந்த ஊர் பக்கத்து ஆலங்காயம் என்றதும் சம்பத்துக்குப் பாதி உயிர் வந்தது. நின்றபடியே ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் பேசினார்.

சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சுபேதார் விசாரித்தார். முகாமின் கட்டுப்பாடுகளைச் சொன்னார். உள்ளே இருப்பவன் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவன் மூச்சு உள்ளே வர முடியாது, சமையல் தனி, குளியல் தனி, டாக்டர் வார்டுக்குள் போகும்போது மாட்டுவதை வெளியே வரும்போது கழற்றிக் கொளுத்திவிட வேண்டும். எல்லைக் காவலில் குண்டு பட்டால் அதற்கு ஒரு கணக்கு உண்டு, லீவுக்குப் போய்வந்த இருமலில் ஒரு பையனை இழந்தால் அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் சொன்னபோது சம்பத் இன்னொரு சல்யூட் அடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க சம்பத். வழுக்கவே கூடாது. போன வாரம் வேற கம்பெனி சரக்கு. அது வழுக்கி எங்க டாக்டரே விழுந்துட்டாரு."

"தெரியும் சார். இங்க எங்களுக்கும் ஒரு பொண்ணு முட்டிக்கிச்சு."

"நல்லது, டெஸ்ட் பண்ணிட்டீங்க. ஆம்பூர்க்காரங்களுக்கு இத நான் சொல்லணுமா? தலைமுறையா இதான உங்க வேலை."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வார்த்தை சம்பத்துக்குக் கொஞ்சம் இடறியது. தலைமுறையா மாஸ்க்கா? பெரிய மனிதர், மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டார்.

வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டுவது என்று தீர்மானம். ஷூவுக்கு ஒட்டுகிற அதே ரப்பர், அதே பசை. தாடையில் பிடிப்பு இருக்கட்டும் என்று பட்டை பட்டையாக உள்ளே ஒட்டி, எல்லோரும் மாட்டிப் பார்த்தார்கள். பசை நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஒரு பெண் தும்மினாள். பக்கத்தில் இருந்தவள் தும்மினாள். அப்புறம் ஹால் மொத்தமும் தும்மியது. அது என்ன சாதாரணத் தும்மலா, தெருவே அதிர்ந்தது.

கொரோனா காலத்தில் ஒரு தும்மலுக்கே ஊர் ஓடும். எதிர்த்த பிரியாணிக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போன் பண்ண, சுகாதாரத்துறை வண்டி வந்துவிட்டது. மூக்கில் குச்சி விடுவதற்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அந்தக் குச்சிக்கு இன்னும் ஜாஸ்தி தும்மினார்கள். கம்பெனிக்குத் தகரம் அடித்து மூடுவதா வேண்டாமா என்பதை ரிசல்ட் பார்த்துச் சொல்வோம் என்று வாசலெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு கோலமும் இழுத்துவிட்டுப் போனார்கள். நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆரோக்கியசாமிக்கு மட்டும் மச்சானிடமிருந்து நலம் விசாரித்து ஒரு போன் வந்தது. அதற்கு அவர் ரொம்பப் பேஜாராகிவிட்டார்.

ரப்பரைப் பிய்த்து அடிப்பக்கம் வெளியே ஒட்டினார்கள்.

"வெளிய ஒட்னா இன்னாண்ணா பிரயோஜனம்? தாடைல படவே இல்லியே."

"பாய் வழுக்கக் கூடாதுன்னாரு. ரப்பர் ஒட்டியாச்சு. மிலிட்டரில கேள்வி கேக்கக் கூடாது."

மேகலா அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நாளைக்கி ரிஜெக்ட் ஆச்சுன்னா, எங்களுக்குப் போன் பண்ணாதீங்கண்ணா. இங்கயே நேர்ல சொல்லிடுங்க. போன் அடிச்சா வேலைன்னு நெனச்சுப்போம்."

அன்று ராத்திரி சம்பத் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி செண்பகம் என்ன என்று கேட்டாள். வாய் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது, உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மிலிட்டரி லாரி வந்தது. ஆனால் கேட்டுக்குள் வரவில்லை. முகாம் ஆட்கள் வெளியார் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு. சுபேதார் ஜோசுவா லாரியின் முன்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு மேசை போட்டு அதில் சாம்பிள் பெட்டியை வைத்துவிட்டு, சம்பத்தும் மற்றவர்களும் தூரத்தில் போய் நின்றார்கள். எல்லோர் மூஞ்சியிலும் கம்பெனிச் சரக்கு. லெஃப்ட் போட்டவர்கள் ஒரு வரிசை, ரைட் போட்டவர்கள் ஒரு வரிசை, எலாஸ்டிக்கை ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்தபடி அட்டென்ஷனில்.

தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிய டிரைவர் அன்பரசன் இறங்கி வந்தார். பெட்டியை எடுத்தார். வரிசையை ஒரு முறை பார்த்தார். நின்று இன்னொரு முறை பார்த்தார். பெட்டியோடு லாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

அங்கிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தொம் தொம் என்று மிதிக்கிற சத்தம்.

"மிதிக்கிறாருடி," என்றாள் ஒருத்தி.

சம்பத்துக்கும் அப்படித்தான் பட்டது. பிடிக்காமல் போட்டு மிதிக்கிறார். மூக்கு கோணல் என்று மிதிக்கிறார். துப்பாக்கி விஷயத்தை எடுத்துச் சொல்லலாம் என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கத்திப் பார்த்தார். ரெயின்கோட்டுத் துணி தாண்டி ஒரு எழுத்தும் வெளியே போகவில்லை. மிதிக்கிற சத்தம் ஓட்டமாக மாறியது. ஓடுகிறார், திடீரென்று நிற்கிறார், மறுபடி ஓடுகிறார். இவ்வளவு கோபமா என்று அவருக்குக் கண் கலங்கியது. மேகலாவின் பக்கம் திரும்பினார். நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று வார்த்தையைக் கூட்டினார்.

சத்தம் நின்றது. லாரியின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. அன்பரசன் சுபேதாரிடம் போய் என்னமோ சொன்னார், சுபேதார் என்னமோ கேட்டார், இரண்டு பேரும் சேர்ந்து இவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். பிறகு அன்பரசன் கேட்டுவரைக்கும் வந்து, தூரத்தில் நின்றபடியே சொன்னார்:

"பூட்ஸு மேல கச்சிதமா ஒக்காந்துக்கிச்சு, ஈரத்துல ஓடினாலும் வழுக்கல, மொத்த லாட்டும் ஓகே, அடுத்த லாட்டும் ஒங்களுக்குத்தான்னு சுபேதார் சொல்லிட்டாரு சார், ஆனா கால்ல மாட்ற கவர நீங்க எல்லாரும் எதுக்கு மூஞ்சில மாட்டிக்கினு நிக்கிறீங்கன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."