'அம்பிகுவஸ்'

மனித குலத்தின் தெளிவுக்காகக் கூட்டப்பட்ட அந்த மாபெரும் கூட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர், மின்விசிறிக்கு நேர் கீழே. கணக்காளர், நழுவ வசதியாகக் கதவோரம். லிஃப்ட் கம்பெனியின் ஆங்கிலத்தை வெகுகாலமாகத் தனியாளாகத் தாங்கிவரும் தலைமை எழுத்தர், அகராதிக்குப் பக்கத்தில்.

ஒரு குடியிருப்பின் லிஃப்டில் வடம் நைந்திருந்தது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எழுத்தரும் "யூ மே நாட் யூஸ் தி லிஃப்ட்" என்று கம்பீரமாக எழுதி அனுப்பியிருந்தார். 'உங்கள் கடிதம் அம்பிகுவஸ்' என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்து ஒரே வரியில் பதில்.

எழுத்தர் அதை 'அம்பிஷஸ்' என்று படித்து, பாராட்டு என்று மனைவியிடமும் சொல்லிவிட்டார். அகராதிதான் அவரைத் தரைக்கு இறக்கியது. இருபொருள் படுவதாம். லிஃப்டில் ஏறக்கூடாது என்றும் கொள்ளலாம். ஒருவேளை ஏறாமல் இருந்துவிடுவீர்கள் என்றும் கொள்ளலாம்.

"நமக்கும் அந்த வார்த்தை தெரியும்னு அவங்களுக்குத் தெரியணும். பதில்ல சரியா போடுங்க," என்றார் மேனேஜர்.

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "வீ ஆர் ஆல்சோ அம்பிகுவஸ்."

"நமக்கே ரெண்டு அர்த்தமா?" என்றார் கணக்காளர்.

எழுத்தர் அகராதியைப் புரட்டினார். "ஆமா, ஆளுக்கு வராது. வாக்கியத்துக்குத்தான் வரும். ரெண்டு மனசா இருக்கற ஆளுக்கு அம்பிவேலன்ட்."

"அதுக்கு மாத்திரை இருக்கா?" என்றார் கணக்காளர்.

அப்போது எழுத்தரின் கைபேசி அடித்தது. அக்கா. அதே குடியிருப்பில் ஆறாவது மாடி.

"தம்பி, முட்டி வலியோட கீழ நிக்கறேன். காவலாளி ஏறலாம்ங்கறான், செயலாளர் கூடாதுங்கறார். எழுதினது நீயாமே. ஏறட்டுமா, வேண்டாமா?"

ஒரு சொல் எழுத்தரின் தொண்டை வரை வந்தது. மேனேஜர் கையமர்த்தினார். "எழுத்துல போறதுக்கு முன்னாடி வாயால எதுவும் சொல்லாதீங்க. நாளைக்கு நம்ம தலையில விடியும்."

"லெட்டர் வருதுக்கா."

"அதுவரைக்கும் இங்கயே நிக்கவா?"

"நிக்கலாம்."

"நிக்கலாம்னா? நிக்கணுமா, நின்னாலும் நிக்கலாமா?"

அக்கா வைத்துவிட்டாள்.

தேநீருக்குப் பின் வாக்கியம் பிறந்தது: 'எங்கள் கடிதத்தின் அம்பிகுயிட்டிக்கு வருந்துகிறோம், இக்கடிதம் அம்பிகுவஸ் அன்று.' முழுக்க ஆங்கிலத்தில், இலக்கணப் பிசகில்லாமல். மேனேஜர் உருகிப்போனார்.

"லிஃப்டைப் பத்தி ஒண்ணும் காணோமே," என்றார் கணக்காளர்.

"அதை எழுதப்போய்த்தானே போன தடவை மாட்டினோம்," என்றார் எழுத்தர்.

கடிதத்தை உறையிலிட்டார். அக்காவிடம் 'ஏறாதே' என்று சொல்ல எழாத நாக்கு, உறையின் பசையை நனைக்க நன்றாகவே எழுந்தது. அழுத்தி ஒட்டி, சாதாரணத் தபாலில் சேர்த்தார்.