கூரை அண்ணாச்சிக்கு, தரை மதினிக்கு

விமானம் செய்தவர்கள் எல்லோரும் அது ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக் கெட்டுப்போனார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் போதும் என்று ஆசைப்பட்ட ஒரே மனிதர், நான் அறிந்தவரை, சிவகாசியில் வெடிப்பெட்டிகளுக்கு அட்டை வெட்டும் பட்டறை வைத்திருந்த வட்டம் அண்ணாச்சிதான்.

வட்டம் என்பது கட்சிப் பதவி அல்ல. அப்படி நினைத்து ஒருவர் சாக்கடை அடைப்பு பற்றி மனு கொண்டுவந்து கொடுத்தாராம். தாள் மெல்லியதாக, நயமாக இருந்ததால் அண்ணாச்சி வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அதை ஒரு விமானத்தின் வாலில் ஒட்டிப் பறக்கவிட்டார். அந்த வார்டிலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போன மனு அது ஒன்றுதான்.

அவர் செய்தது கயிற்று விமானம். ரேடியோ, ரிமோட் எதுவும் கிடையாது. ஓர் ஆள் கைவிரித்த அகலத்துக்கு இறக்கை. அதன் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீண்டு வந்து ஒரு கைப்பிடியில் முடியும். பிடித்தவர் நடுவில் நிற்க, விமானம் அவரைச் சுற்றிப் பறக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் மூக்கு ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். குட்டிக்கரணம், தலைகீழ்ப் பறத்தல், எட்டுப் போடுதல் எல்லாம் இந்த மணிக்கட்டு வித்தைதான். விருதுநகர் எண்ணெய் வியாபாரிகளுக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: செக்கு. என்ன, இங்கே மாடு வானத்தில் பறக்கும், செக்குக்குத் தலைசுற்றும்.

அண்ணாச்சிக்குச் சுற்றிச் சுற்றி அது உடம்போடு ஊறிவிட்டது. தெருவில் நின்று பேசும்போதுகூட மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பார். நலம் விசாரிக்க வந்தவர் கூடவே சுற்ற வேண்டும். எதிர்வீட்டு வாசலில் ஆரம்பித்த பேச்சு, பிள்ளையார் கோவிலைப் பார்த்தபடி முடியும்.

நான் சிவகாசிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு காலண்டர் அச்சகத்துக்குப் பிழை திருத்த. நாள்காட்டித் தாளின் அடியில் ராசிக்கு ஒரு சொல் வருமே, சிரமம், வரவு, பொறுமை என்று, அதைச் சரிபார்ப்பதும் சொல் குறைந்தால் நானே எழுதுவதும் என் வேலை. அத்தனை படித்ததற்குக் கிடைத்த பலன், தமிழ்நாடு முழுக்க என் எழுத்தைக் காலையில் எழுந்ததும் கிழித்தார்கள். குடும்பம் பிள்ளைகளின் படிப்புக்காக மதுரையில். நான் ஒரு லாட்ஜில். லாட்ஜுக்குக் கீழே பேப்பர் வெட்டும் மிஷின். அது வெட்டும்போதெல்லாம் என் கட்டில் ஓர் அங்குலம் கதவை நோக்கி நகரும்.

அப்படி நான் வீடு தேடியபோதுதான் அண்ணாச்சி வீட்டு வாசலில் ஒரு பலகை கண்ணில் பட்டது. ‘மாடி ரூம் வாடகைக்கு.’ சாயங்காலம் போய்ப் பார்த்தால் பலகை திருப்பி மாட்டியிருந்தது. பின்பக்கம் யாரோ மீன் முள் மாதிரி என்னவோ வரைந்திருந்தார்கள். மறுநாள் காலை மறுபடி ‘வாடகைக்கு’. காலையில் மதினி திருப்புவார், சாயங்காலம் அண்ணாச்சி திருப்புவார் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய மனைவியைத் தெருவே மதினி என்றுதான் கூப்பிட்டது, நானும்.

மதினி என்னை மாடிக்கு அழைத்துப்போனார். அறை முழுக்க விமானங்களின் உதிரிகள். மூக்கு உடைந்தவை, வால் போனவை, இறக்கை இருந்து உடம்பு இல்லாதவை. நடுவில் மேசையில், பிறந்த குழந்தையைப் போல ஒரு புதிய விமானம் பழைய வேட்டியின் மேல் படுத்திருந்தது.

“தம்பி, இது ஒண்ணுதான் முழுசா கெடக்கு. இதுவும் உடைஞ்சா ரூமைக் காலி பண்ணித் தாரேன்னு சாமி முன்னால சொல்லியிருக்காக. கொஞ்சம் பொறுங்க. இவுக ஓட்டுற லெச்சணத்துக்கு ரொம்ப நாள் ஆகாது.”

ஆக, அந்த விமானம் உடைந்தால் எனக்கு வீடு. உடையாவிட்டால் லாட்ஜும் நகரும் கட்டிலும். அதுவரை விமானவியலில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. அன்றிலிருந்து தினமும் மாடிக்குப் போய் வந்தேன்.

அந்த விமானத்துக்கான பால்சா மரம் கூரியரில் வந்த கதையை மதினி சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆளுயரப் பெட்டியைச் சுண்டுவிரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, வெறும் பெட்டியை அனுப்பி ஏமாற்றிவிட்டான் என்று கூரியர்காரரை மோர் கொடுத்து உட்காரவைத்துச் சண்டை போட்டாராம். பால்சா அப்படிப்பட்ட மரம். தக்கையே அதன் பக்கத்தில் கொஞ்சம் பூசினாற்போல்தான் தெரியும்.

அந்த மரத்தைத்தான் அண்ணாச்சி போதாது போதாது என்று உப்புத்தாள் போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். இறக்கையின் உள்ளே மீன் முள் மாதிரி வரிசையாக ரிப்புகள், மேலே சவ்வுபோல் ரோஸ் டிஷ்யூ தாள், அதற்குமேல் வார்னிஷ் ஒரு பூச்சு. காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. மறுபடி பூச்சு. ஒரு பூச்சின் கனத்தை அடுத்த தேய்ப்பில் எடுத்துவிடுவார் என்பதால், உண்மையில் அந்த விமானத்தின்மேல் என்னதான் மிஞ்சியது என்று எனக்குப் புரிந்ததில்லை. தேய்த்த தூளெல்லாம் மதினியின் இட்லி மாவில் இருந்தது.

நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருந்தார். நிறுக்கும்போது இறக்கைமேல் ஈ உட்கார்ந்தால் அதை விரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து நிறுப்பார். விமானத்துக்கு ஒரு பெயர் எழுதலாமே என்று கேட்டேன். பெயிண்ட் கனம் என்றார். மதினி பெயரை எழுதுங்கள் என்றேன். “அது ரொம்ப நீளம் தம்பி” என்று அதையும் தள்ளிவிட்டார்.

இந்தக் கிராம் கஞ்சத்தனம்தான் விமானங்களைக் கொன்றது. கயிற்று விமானம் வட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கம்பி விறைப்பாக நிற்கும். அதற்கு வெளிப்பக்க இறக்கை நுனியில் கொஞ்சம் எடை வைக்க வேண்டும். அண்ணாச்சிக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் மாசக்கணக்கில் இழைத்துக் குறைத்த கனத்தைத் தன் கையாலேயே திருப்பி வைக்க மனசு வருமா? ஈயத்துண்டு ஒன்றை எடுப்பார். வைப்பார். பெருமூச்சு விட்டு எடுப்பார். பாதியாக வெட்டி வைப்பார். கடைசியில் நுனியில் இருந்தது மூக்குத்திக் கல் அளவு. தலைக்கு நேர்மேலே ஏறும்போது கம்பி தொய்யும். தொய்ந்தபின் கைப்பிடி வெறும் கைப்பிடிதான். விமானம் தன் இஷ்டத்துக்குத் தரையைப் பார்த்து வந்துவிடும். மாடி அறையின் அத்தனை பிணங்களும் இப்படி விழுந்தவை.

பறக்கவிடும் நாள் வந்தது. நாரணாபுரம் பக்கம் ஒரு வற்றிய கண்மாய். சுற்றுவட்டாரத்தில் பட்டாசு கம்பெனி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் போவார். எஞ்சினும் கிடையாது, பாட்டரி மோட்டார்தான். தீப்பொறி என்ற சொல்லையே சிவகாசிப் பக்கம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதற்குள் நடுவுக்கு நடந்துபோய்க் கைப்பிடியை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மோட்டார் தானாகக் கிளம்பும், குறித்த நேரம் ஓடித் தானாக நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதுவரை வாலைப் பிடித்துக்கொண்டு, கிளம்பியதும் விடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். வாடகை வீட்டு ஆசையோடு வாலைப் பிடித்தேன்.

அண்ணாச்சி பொத்தானை அழுத்திவிட்டு நடுவுக்குப் போனார். கைப்பிடியை எடுத்தார். அப்போதுதான் ஆட்டோவிலிருந்து மதினி இறங்கினார். உடைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு பேச்சு மாற முடியாது என்று வந்தவர். வந்த வேகத்தில் முந்தானையிலிருந்து, பச்சை மிளகாயோடு சேர்த்துக் கோத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இறக்கையில் கட்ட ஆரம்பித்தார்.

நான் திகைத்து, உடைய வேண்டும் என்று சொன்னீர்களே என்றேன்.

“உடையறது வேற தம்பி. புது வண்டிக்குப் பழம் கட்டாம எடுப்பாகளா? உடையற வரைக்கும் நல்லா ஓடணும்ல.”

கம்பி இருக்கிற பக்கம் கட்டினால் சிக்கிக்கொள்ளும் என்று அவரே யோசித்து வெளிப்பக்க நுனியில் நூலை இறுக்கினார். கண்மாயின் நடுவிலிருந்து ஓர் அலறல் வந்தது. கனம், கனம் என்று அண்ணாச்சி குதித்தார். ஓடிவந்து அவிழ்த்திருக்கலாம். ஆனால் அவர் வருவதற்குள் மோட்டார் கிளம்பிவிட்டால் நான் பிடித்து நிறுத்துவேன் என்று அவருக்கு நம்பிக்கையில்லை. எனக்கும் இல்லை. தவிர, ஒரு முழு எலுமிச்சம்பழம் தொங்கினால் விமானம் நிச்சயம் உடையும் என்று என் படிப்பறிவு சொன்னது. நானும் அவிழ்க்கவில்லை. மோட்டார் உறுமியது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த தம்பதிச் சண்டை போல நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி சுற்றியாக வேண்டும். மதினி பக்கம் முகம் திரும்பும் நேரத்தில்தான் பேச முடியும். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்.

“பழத்த எவ கட்டச் சொன்னா?”

மதினி பதில் சொல்வதற்குள் முதுகு வந்துவிட்டது. முதுகிடம் அவர் பேச விரும்பவில்லை. காத்திருந்து முகம் வந்ததும் சொன்னார்.

“என் பழம், என் இஷ்டம்.”

“மூணு மாசம் தேச்சிருக்கேன்.”

“என் மாவுலதான கெடக்கு.”

அடுத்த சுற்றில் அண்ணாச்சியின் முகம் வந்தது, மதினியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. மெதுவாக மணிக்கட்டைச் சாய்த்தார். விமானம் ஒரு குட்டிக்கரணம் போட்டது. இன்னொன்று. பிறகு தலைகீழாக ஒரு சுற்று; எலுமிச்சம்பழமும் தலைகீழாக. கடைசியில் அந்த இடம். அத்தனை விமானங்களும் செத்த, தலைக்கு நேர்மேலான அந்த இடம். மதினி சேலை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வீடு என் நினைவில் இல்லை.

பழம் அவர் உச்சந்தலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கியது. கம்பி அசையவில்லை.

மோட்டார் நின்றது. விமானம் சத்தமில்லாமல் இறங்கி, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. ஒரு மிளகாய் மட்டும் காணாமல் போயிருந்தது. அண்ணாச்சி வந்து பழத்தை அவிழ்த்தார். பையிலிருந்து தராசை எடுத்து அதை நிறுத்தார். அந்த எடையை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

“உடையலை” என்றார்.

“உடையலைதான். சொன்ன சொல்லு சொன்னதுதான், ரூம் உங்களுக்கே. ஆனா பறந்ததுல என் பழத்துக்கும் பாதி இருக்குல்ல?”

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. அறையில் தலைக்கு மேலே அண்ணாச்சிக்கு, கீழே மதினிக்கு. அவர் தன் பாதியில், உத்தரத்தில் கொக்கி அடித்து விமானங்களைத் தொங்கவிட்டார். மதினி தன் பாதியை எனக்கு வாடகைக்கு விட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சி சந்தையில் எலுமிச்சை வாங்கும்போது தராசோடு போனார். அதே எடையில் ஒரு பழத்துக்காக ஒரு கூடையை நிறுத்துப் பார்க்கும் அவரைக் கண்டால் கடைக்காரர்கள் சாக்கை இழுத்து மூடினார்கள்.

அறையில் எனக்கு ஒரே நிபந்தனைதான். மின்விசிறி போடக் கூடாது. விமானங்கள் ஒன்றோடொன்று மோதிவிடும். சிவகாசி வெயிலில், ரோஸ் இறக்கைகளுக்குக் கீழே, விசிறி இல்லாமல் இரண்டு கோடை படுத்திருந்தேன். லாட்ஜுக்குத் திரும்பலாமா என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இப்போது மதுரையில் சொந்த வீடு. விசிறி நன்றாகவே ஓடுகிறது. படுத்ததும் கொஞ்ச நேரம் அதை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவியிடம் கரண்ட் மிச்சம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.