ஜி போடாத நாலு

வாயாடிகளால் ஆபத்தில்லை. தினமும் உளறுவதால் அவர்கள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என்னைப் போல் கூச்சப்பட்டு மூலையில் நிற்கிறவள் என்றைக்கோ ஒருநாள் வாயைத் திறப்பாள் பாருங்கள், அன்றைக்கென்று நாவலூரில் ஒரு ஆபீசே கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் திருவிடந்தை. கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் எல்லாம் மாலையும் கையுமாக எங்கள் ஊர்ப் பெருமாளைச் சுற்ற எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கோயிலுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கும் என் மகள் கலைக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு, "சொல்லுங்க ஜி, சரி ஜி, முடிச்சிடறேன் ஜி" என்று குழைவாள். யார் இந்த ஜி? நானும் வீட்டுக்காரரும் கதவுக்கு வெளியே நின்று இதைப் பலமுறை யோசித்திருக்கிறோம். (ஒட்டுக் கேட்கவில்லை. யோசித்தோம்.)

கலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிட்டிருந்தாள். அதற்குத் தனிப் பெட்டி, தனித் திரை எதுவும் கிடையாது. வர்ச்சுவல் மெஷின் என்றாள். எனக்குப் புரியவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஒண்டுக் குடித்தனம்மே. வூட்டுக்காரன் எவ்ளோ எடம் வுடறானோ, அதுக்குள்ள காலை நீட்டிக்கணும்."

அது சரிதானாம். எவ்வளவு மெமரி, எத்தனை பிராசசர் என்பதை எல்லாம் அதைக் கிளப்பும்போதே ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் அந்த உள் மெஷினில் செய்த தன் வேலையை இன்டர்நெட் வழியாகக் காட்ட நாவலூர் ஆபீசுக்குப் போயிருந்தாள் கலை. நன்றாகக் காட்டினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். மதியம் போன் வந்தது.

"எம்மா, உள்ள ஓடற மெஷின் நின்னுடுச்சி. மெமரி பத்தல. இங்கேர்ந்து எழுப்ப முடியாது. நீதான் டைப் அடிக்கணும்."

"நானா? உங்க நைனா சோறு துன்னுகினு கீறாரு, அவராண்ட சொல்லேன்."

"அவரு கண்ணாடி இல்லாம ரோட்டையே குத்துமதிப்பாத்தான் பாக்கறாரு. நீ உக்காரும்மா."

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து பஸ் போர்டைப் பார்த்துப் பழகியது. நல்லவேளை, கீபோர்டிலும் அதே பெரிய எழுத்துகள்தான். (பெரியதை அமுக்கினால் திரையில் சின்னது வந்தது. ஏன் என்று கேட்கக் கூச்சம்.) வீட்டுக்காரர் எச்சில் கையை ஓரமாக நீட்டிக்கொண்டு, மறு கையால் போனை என் காதில் பிடித்தார்.

மேல்நோக்கிய அம்புக்குறியை அமுக்கச் சொன்னாள். அவள் முன்பு எழுதிய வரி அப்படியே வந்து நின்றது. அதன் கடைசியில் நான் சேர்க்க வேண்டும்.

"மைனஸ் எம். எடம் வுட்டு, நாலு ஜி. எடம் வுட்டு, மைனஸ் எஸ் எம் பி. எடம் வுட்டு, ரெண்டு."

கொடுக்கும்போது எதற்குக் கழித்தல் குறி என்று தோன்றியது. கேட்கவில்லை. நாலு என்று அடித்தேன். ஜி என்றது அங்கே அவள் பக்கத்தில் நிற்கிறவரை என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் கூடவே நிற்கிறார், நல்ல பையன்தான் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

எண்டரைத் தட்டியதும் கறுப்பாக ஒரு கட்டம் திறந்தது. திறந்தது திறந்தபடியே கிடந்தது.

"எம்முக்கு அப்புறம் இன்னா போட்ட?"

"நாலு."

"ஜி?"

"அவரைப் போயி எப்படிடி போடறது?"

கலை மூச்சை இழுத்து விட்டது கேட்டது. நாலு ஜி என்றால் நாலு மூட்டை அரிசி, ஜி இல்லாத நாலு என்றால் நாலு பிடி என்று சொன்னாள். குடித்தனக்காரனை நான் தீப்பெட்டிக்குள் குடிவைத்திருக்கிறேன்.

கட்டத்தின் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடினேன். அம்புக்குறி மறுபடி வரியைக் கொண்டுவந்தது. நாலுக்குப் பக்கத்தில் ஜி போட்டேன். அதற்குள் அங்கே யாரோ எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்டது கலையின் பதில் மட்டும்தான்: "ரெண்டு, ஜி."

ஒருமுறை பட்டவள் அல்லவா? வரியின் கடைசிக்குப் போய் ரெண்டுக்கும் ஒரு ஜி போட்டு எண்டரைத் தட்டினேன். இந்தத் தடவை கட்டமே திறக்கவில்லை. ரெண்டுக்கும் மறக்காமல் ஜி போட்டதைச் சொன்னேன்.

"இப்ப இன்னாம்மா பண்ண? ரெண்டு பக்கத்துல எதுக்கு ஜி? அது எத்தனை பிராசசர்னு கணக்கு, அதுக்கு ஜி கெடையாது."

இருபது வருஷமாக வராத ரோஷம் எனக்கு அன்றைக்கு வந்தது. போனை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"போடலன்னாலும் திட்டற, போட்டாலும் திட்டற. முதல்ல நீயும் அந்த ஜியும் ஒரு முடிவுக்கு வாங்க. எத்தனை நாளைக்குக் கதவைச் சாத்திகினு பேசுவீங்க? அவரு வூட்டுல பெரியவங்க இருந்தா வரச் சொல்லு. இல்ல, அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சா? அதையாவது சொல்லு."

இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கலை போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு பெண் குரல் வந்தது. கலையின் மேலதிகாரி.

"நான்தாம்மா ஜி. எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பசங்க இருக்காங்க. அந்த ரெண்டுக்கும் ஜி வேணாம், நீங்க அடிச்ச ரெண்டுக்கும் வேணாம். அதை மட்டும் எடுத்துட்டு எண்டர் தட்டுங்க."

தட்டினேன். கட்டம் திறந்து எழுத்துகள் மளமளவென்று ஓடின. அவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தது மெஷின் ஓடியதற்கா, எனக்கா என்று இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் சிரித்ததற்குக் காரணம் தெரியும். புரையேறும் வரை சிரித்தார்.

சாயங்காலம் கலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற செய்தியையே கோபமாகத்தான் சொன்னாள். அந்த ஆபீசில் பியூனிலிருந்து பெரியவர் வரை எல்லாரும் எல்லாருக்கும் ஜியாம்.

அடுத்த தை மாதம் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பாலாஜி. தரகர் அந்தப் பெயரைச் சொல்லி வாயை மூடவில்லை, என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஜி போட்டே வந்துகீறான்மே. இந்தத் தடவை வுட்டுடாத."

விடவில்லை. கல்யாணம் எங்கள் ஊர்ப் பெருமாள் சன்னிதியிலேயே நடந்தது. மாப்பிள்ளையை அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் பாலா என்று சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சுருக்குவதில்லை. ஜி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.