கோப்புறை முற்றுகைப் படலம்

‘செத்தேன். கோப்புகளின் உரிமையைத் திருத்துகிறேன் பேர்வழி என்று எல்லாரையும் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டேன்.’

இவ்வாறு தன் நெஞ்சுக்குள் மட்டும் முழங்கியவள் யாரெனில், டுலூத் நகர வார இதழ் ஒன்றின் கணினிக் காவலி, கடவுச்சொற்களின் அதிபதி, மறந்தவர்க்கெல்லாம் மறுபடி அவற்றை வழங்கும் வள்ளல் மார்லிஸ் ஹாகன்! வாழ்க அவள் விரல்கள்! தீர்க அவள் முதுகுவலி!

போரை மூட்டியது ஒரு மீன். விளையாட்டுப் பகுதியின் லைல், உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடித்த மீனின் படத்தை இரங்கல் பக்கத்தின்மேல் சேமித்துத் தொலைக்க, காலஞ்சென்ற ஓர் அம்மையாரின் இடத்தில் அது வாய்பிளந்து அச்சேறியது. “இனி அவரவர் கோப்பை அவரவரே திருத்துக! பிறர் படிக்க மட்டும் செய்க!” என்று சூளுரைத்த மார்லிஸ், ஸ்கிரிப்ட் எனும் குட்டிக் கட்டளைத் தொகுப்பு ஒன்றை வார்த்து ஏவினாள். அதுவோ மதங்கொண்ட களிறெனப் பாய்ந்து, கோப்பென்றும் கோப்புறையென்றும் பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே நீதி வழங்கிற்று. கோப்புக்குப் படிக்கும் உரிமை போதும். கோப்புறைக்கோ நுழையும் உரிமை தனியே வேண்டும். அந்த உரிமையைத்தான் ஸ்கிரிப்ட் வேரோடு பிடுங்கியிருந்தது.

மூன்று மணிக்கு அச்சகம் பக்கங்களைக் கேட்கும். இரண்டரைக்கே ஓலம் எழுந்தது.

“பேரு தெரியுது, உள்ள போக முடியல! என் பக்கத்துக்கு நானே அந்நியனா?” என்று அலறினான் லைல்.

கழுத்துப்பட்டை போர்க்கொடியெனப் பறக்க வந்தார் ஆசிரியர் டுவேன் லின்ட்ஸ்ட்ரம். “ஏம்மா, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விடு! மூணு ஏழு அடி, முடிஞ்சுது!”

மூன்று ஏழுகள்! எவரும் எதையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்னும் பேரழிவு அஸ்திரம்! மார்லிஸின் விரல் ஏழின்மேல் போய் நின்றது. பிறர் முகம் சுளித்தால் அன்றிரவு தூங்கமாட்டாள் அவள்; மூன்று தட்டுத் தட்டினால் எல்லா முகமும் மலரும்.

ஆனால் அங்கேதான் ‘மனம் திறந்து’ பத்திக்கு வந்த வாசகர் கடிதங்களும், உண்மைப் பெயர்களோடு, இருந்தன. பத்தி எழுதும் கெர்டாவையும், கடிதங்களை வருடியில் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் மார்லிஸையும் தவிர எவரும் பாரார் என்பது இதழ் தந்த வாக்கு. நேற்று வந்த கடிதம் இப்படிப் புலம்பியது: ‘தேவாலய விருந்துக்கு என் கணவர் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சமைக்கும் ஹாட்டிஷ் பசைபோல் இருக்கிறது. ஊரே புகழ்வதாக நம்புகிறார். என் பங்கை நாய்க்குப் போடுகிறேன். எப்படிச் சொல்வேன்?’ கீழே கையொப்பம்: இங்க்ரிட் லின்ட்ஸ்ட்ரம். ஆசிரியரின் இல்லக்கிழத்தி!

பல்லைக் கடித்தாள் வீராங்கனை. ஏழை விட்டு விரலெடுத்தாள். “கோப்புறையாயின் நுழைவு தருக! கோப்பாயின் தீண்டற்க! கடிதப் பக்கம் தலைவைத்தும் படுக்கற்க!” என்று புதிய ஸ்கிரிப்டுக்கு ஆணையிட்டு ஏவ, அடைபட்ட வாயில்களெல்லாம் மளமளவெனத் திறந்தன, லைல் ஆர்ப்பரித்தான், பக்கங்கள் அச்சகம் நோக்கிக் குதிரைப்படையெனப் பறந்தன.

டுவேன் மட்டும் திரையருகே குனிந்தார்.

“எல்லாம் சரி, இந்தக் கடிதக் கோப்புறை மட்டும் திறக்கலையே? எனக்கு மட்டுமாவது திறந்து விடும்மா. நான் என்ன வெளியாளா?”

“அது முடியாது, டுவேன்” என்றாள் மார்லிஸ்.