இருநூற்று நாலாம் அறையில் கரும்பொருள்

"கரும்பொருள்னு எழுதியிருக்கீங்களே, அதை எந்த அலமாரியில வெச்சிருக்கீங்க?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

பேராசிரியர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பல்கலைக்கழகத்தின் துகள் கோட்பாட்டுக் குழுவுக்குத் தலைவர் அவர். எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ குதர்க்கக் கேள்விகளைச் சமாளித்தவர்தான். ஆனால் அலமாரியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வினை ஆரம்பித்தது நிர்வாகம் அனுப்பிய ஒரு படிவத்தில். கருவியோ ஆய்வுப் பொருளோ இல்லாத அறைகளை இன்று மாலைக்குள் காலி செய்து, தேவைப்படும் துறைக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். தேவைப்பட்டது மேல்மாடி மேலாண்மைத் துறைக்கு. அதன் தலைவர், பேராசிரியர் குழுவின் இருநூற்று நாலாம் அறையில் சோபா போடப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோட்பாட்டுக் குழுவிடம் கருவி என்று பார்த்தால் சாக்பீஸ்தான். ஆனால் அந்த அறையின் மூன்று சுவரிலும் கரும்பலகை. அதில் இரண்டு வருஷக் கணக்கு முக்கால்வாசி முடிந்து நிற்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எடுத்தார்கள் ஐயா! போட்டோவில் எது மைனஸ், எது சாக்பீஸ் கீறல் என்று கடவுளுக்கே தெரியவில்லை. அறை போனால் கணக்குப் போச்சு, கணக்குப் போனால் குழுவின் பிழைப்பே போச்சு.

ஆகவே பேராசிரியர் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஆய்வுப் பொருள்: கரும்பொருள் (டார்க் மேட்டர்). அடுத்த கட்டம், 'ஆபத்தானதா?' வேறு யாராக இருந்தாலும் 'இல்லை' என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவர் விஞ்ஞானி ஆயிற்றே, ஆதாரமில்லாமல் எழுதக் கை வருமா? 'இதுவரை தெரியவில்லை' என்று எழுதித் தொலைத்தார். அரை மணி நேரத்தில் அதிகாரி வந்து நின்றார்.

"அலமாரியில எல்லாம் வைக்க முடியாதுங்க. அது எல்லா இடத்துலயும் இருக்கும்," என்றார் பேராசிரியர்.

"எல்லா இடத்துலயும்னா?"

"இந்த அறை முழுக்க. இப்போகூட உங்களுக்குள்ள புகுந்து அந்தப் பக்கமாப் போயிட்டிருக்கு."

அதிகாரி அவசரமாகச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்போ கசியுதுன்னு சொல்லுங்க!"

"கசிவெல்லாம் இல்லைங்க. சுவரைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்."

"வாசனை?"

"கிடையாது."

"நிறம்?"

"அதுவும் கிடையாது. யாரும் கண்ணால பார்த்ததே இல்லை."

அதிகாரி எழுதியதை உரக்கப் படித்தார். "நிறமற்றது. வாசனையற்றது. சுவரைத் தாண்டிப் பரவக்கூடியது." கேட்கக் கேட்கப் பேராசிரியரே ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

நிலைமையைக் காப்பாற்ற மைனஸ் முன்னால் வந்தாள். குழுவின் ஆராய்ச்சியாளர்களில் படு கெட்டிக்காரி. கணக்கில் மைனஸ் குறியைத் தொலைப்பதில் பேர் போனவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"பயப்படற அளவே இல்லைங்க, கணக்குப் போட்டே காட்டறேன்," என்று கரும்பலகையின் மூலையில் மளமளவென்று எழுதினாள். கடைசி வரியில், அறையில் உள்ள மொத்தக் கரும்பொருள் பத்தின் அடுக்கு பதினாறு கிராம் என்று வந்தது.

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். "அதாவது ஆயிரம் கோடி டன்?"

"ஐயையோ! அடுக்குக்கு முன்னால ஒரு மைனஸ் விட்டுப் போச்சு! ஒரு தூசி அளவுகூட வராதுங்க!"

"நான் மையில எழுதிட்டேனே அம்மா," என்றார் அதிகாரி.

பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேலாண்மைத் துறைத் தலைவர், சோபாவுக்கு அளவெடுக்க டேப்போடு உள்ளே நுழைந்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்? அப்படி ஒரு பொருளே இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க புரொபசர். தீர்ந்தது வேலை."

அதிகாரி பேனாவை நீட்டினார். "போடறீங்களா சார்? போடலைன்னா ரூமுக்கு சீல் வைக்க வேண்டியிருக்கும்."

போட்டால் சோபா, போடாவிட்டால் சீல். இரண்டு பக்கமும் இடி. பேராசிரியர் பேனாவை வாங்கினார். மூன்று சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, பேனாவை மேஜைமேல் அடித்து வைத்தார்.

"இருக்கு! இந்த அண்டத்துல உள்ள பொருள்ல ஆறுல அஞ்சு பங்கு அதுதான்! முப்பது வருஷமா இருக்கு இருக்குன்னு எழுதினவன், உங்க சோபாவுக்காக இல்லைன்னு கையெழுத்துப் போடுவேனா? சீல் வைக்கிறதுன்னா வைங்க, போங்க!"

மைனஸ் கைதட்டினாள். மேலாண்மைத் தலைவரின் சிரிப்பு லேசாகக் குறைந்தது. "சுவரைத் தாண்டிப் போகும்னா... மேல்மாடிக்கும் வருமோ?"

"அங்கேயும் இதே அளவுதான் சார்," என்றாள் மைனஸ்.

"உங்க படிவத்துல எழுதலையே, அதனால அங்கே இல்லை," என்று அதிகாரி ஆறுதல் சொன்னார்.

பிறகு குழுவினர் ஐந்து பேரின் பெயரையும் கேட்டு எழுதி, கதவில் சிவப்பு எழுத்து அறிவிப்பு ஒன்றை ஒட்டி, கணீரென்று படித்தார். "ஆபத்துப் பொருள் அறை. வேறு துறைக்கு மாற்றத் தடை. சோபா முதலான தீப்பற்றும் சாமான்களுக்குத் தடை. சுவர்களைத் துடைக்கவோ வர்ணம் பூசவோ தடை. பட்டியலில் உள்ள ஐவர் மட்டும் வழக்கம்போல் பணி செய்யலாம்."

"எவ்வளவு நாளைக்கு?" என்று அலறினார் மேலாண்மைத் தலைவர்.

"அந்தப் பொருள் சுத்தமா வெளியேறிடுச்சுன்னு ஆதாரம் கிடைக்கிற வரைக்கும்."

அண்டம் இருக்கும் வரைக்கும்! மைனஸ் போட்ட கூச்சலில் நடைபாதையே அதிர்ந்தது. மேலாண்மைத் தலைவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு படியேறினார். பேராசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? நேர்மை உறுத்த, அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பயமுறுத்திட்டேன், மன்னிச்சுக்கணும். உண்மையைச் சொல்லிடறேன், கரும்பொருளால யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க."

அதிகாரி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அது ஏழாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணுக்கே தெரியும் சார், போன வருஷம் இதே சோபா ஆளு என் ரூமைப் பிடுங்கிக்கிட்டு என்னை மாடிப்படிக்குக் கீழே உக்கார வெச்சப்போ, படிவத்துல எழுத எங்கிட்டதான் ஒரு பொருளும் இல்லாமப் போச்சு!"