பின்னால் போகும் மட்டை

அலமாரிக் கண்ணாடி நொறுங்கியபோது பார்சல் கிளார்க் எந்தப் பந்தையும் அடித்திருக்கவில்லை. அடிப்பதற்காக மட்டையைப் பின்னால் தூக்கினார், அவ்வளவுதான்.

"பந்து முன்னாடிதானே வரும்? பின்னாடி இருக்கறதோட உங்களுக்கு என்ன சண்டை?" என்றாள் மனைவி, துடைப்பமும் கையுமாக.

"பின்னாடி தூக்கினாத்தான்டி முன்னாடி வேகம் வரும்."

"வந்துதா?"

எங்கே வந்தது! அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். பல வருடமாக ஆபீஸ் அணிக்குத் தண்ணீர் வாளி தூக்கியவரை, இந்த ஞாயிறு நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு முதன்முறையாகச் சேர்த்திருந்தார் கேப்டன். அதுவும் எந்த லட்சணத்தில்? பயிற்சியில் அவர் மட்டை பந்தைத் தொடவேயில்லை. பின்னால் நின்ற சொந்த அணி விக்கெட் கீப்பரின் முழங்காலைத்தான் பதம் பார்த்தது. கீப்பர் சுருண்டு விழுந்தார். கேப்டனோ ஓடிவந்து கிளார்க்கின் முதுகில் தட்டி, "ஞாயித்துக்கிழமை நீ கண்டிப்பா ஆடறே!" என்றுவிட்டார்.

என்ன பெரிய மனசு! அந்த மனசு நோகாமல் மட்டையை அடக்கியே தீருவது என்று கிளார்க் கங்கணம் கட்டிக்கொண்டார். இதையும் கோட்டை விட்டால் மறுபடி வாளிதான்.

சுவரை ஒட்டி நின்று பழகினார். பின்னால் போக வழியில்லாத மட்டை பக்கவாட்டில் சுழன்று, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சினனின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது.

"மாமா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

அடுத்து, முழங்கையை இடுப்போடு சேர்த்து பெல்ட்டால் கட்டினார். கை அசையவில்லை, ஆளே மொத்தமாகச் சுற்றினார். டிவி ஸ்டாண்டோடு சாய்ந்தது.

"கப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வீடாவது மிஞ்சட்டும்!" என்று மனைவி கெஞ்சினாள்.

கிளார்க் விடுவாரா? மொட்டைமாடிக்கு ஏறினார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மட்டை ஒரு ஜாணுக்கு மேல் பின்னால் போகாதபடி பழக்கிவிட்டார்.

ஞாயிறு காலை ஆட்டத்தில் கிளார்க் மட்டை பிடிக்க இறங்கியதும், எதிரணிக் கீப்பர் அவர் முதுகில் மூச்சுக்காற்று படும் தூரத்தில் வந்து நின்றார்.

"நல்லா தூக்கு!" என்று வெளியிலிருந்து கத்தினார் கேப்டன். "பயப்படாதே, முழுசா பின்னாடி தூக்கு!"

பாவம், இன்னும் எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று கிளார்க்குக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு ஜாண்தான் தூக்கினார். பந்து மட்டை விளிம்பில் உரசி கீப்பரின் கையில் போய் உட்கார்ந்தது.

பிற்பகலில் அதே கீப்பர் மட்டை பிடித்து, ஒற்றை ஆளாக அடித்து நொறுக்கிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். கேப்டன் கிளார்க்கின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டார்.

கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை. ஸ்கோர் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த பியூனிடம் போனார்.

"தோத்தது வருத்தம்தான்யா. ஆனா அந்தக் கீப்பர் மேல ஒரு கீறல் விழுந்துதா? ஆள் எப்படி முழுசா போறார் பாரு!"

பியூன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஆளை முழுசா விடக்கூடாதுன்னுதானே சார், உங்களை டீம்ல எடுத்தாங்க!"