மொட்டைத் தலையில் எட்டாம் பக்கம்

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவனுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பக் கூடாது. ஒன்று, பயிற்சியே கொடுக்காமல் விட்டுவிட வேண்டும். அவன் பயந்துகொண்டு சும்மா இருப்பான். இல்லையென்றால் இரண்டு வருஷம் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் என்பது ஆபத்தான அளவு. நான் எடுத்துக்கொண்டது அந்த அளவுதான். அதன் விளைவைத் திருத்தணியில் முப்பது பேர் தலையில் சுமந்தார்கள். உவமையாகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். என் கையைத் தாண்டிப் பிழை போகாது என்று ஆபீஸில் பெயர் (அந்தப் பெயரை நானே பரப்பியிருந்தேன்). விடுமுறை நாட்களில் ரயிலேறித் திருத்தணிக்கு வந்துவிடுவேன். அக்கா விஜயாவின் வீடு அங்கே. அவள் கணவர் தணிகாசலம், எனக்குப் பாவா (ஆந்திர எல்லையில் பாதி வீடுகளில் அத்தான் கிடையாது, பாவாதான்). மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில், பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார்.

சிறு கடைக்காரர்கள் சுற்றுச்சூழலையும் சுற்றியுள்ள மனிதர்களையும் கெடுக்காமல் தொழில் செய்ய உதவுவது எப்படி என்று சென்னையில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. செய்தி சேகரிக்கப் போன நிருபருக்குத் துணையாகப் போனேன். நிருபர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் இரண்டு நாளும் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டேன். அடுத்த வாரமே திருத்தணியைத் திருத்தக் கிளம்பினேன்.

முதலில் பஸ் நிலையத்து டீக்கடை. பாலிதீன் பையில் டீ கட்டிக் கொடுப்பதன் தீமைகளை வரிசையாகச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க. நம்ம கடையில கண்ணாடி கிளாஸ் எவ்ளோ வேணாலும் கீது. வாரா வாரம் உங்க அக்கா வூட்டுக்கு பையில கட்டிகினு போறது நீங்கதான்" என்றார். அவர் பெயரை நோட்டில் அடித்துவிட்டேன். பூக்கடைக்காரம்மா நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு முழம் மல்லியை என் கையில் திணித்து அனுப்பிவிட்டார். மிஞ்சியது பாவா. சொந்தக்காரர், ஓட முடியாது.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மலையில் கால் வைக்க இடம் இருக்காது. காவடி எடுப்பவர்கள் அடிவாரத்தில் மொட்டை போட்டு, பொய்கையில் முழுகி, தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு படி ஏறுவார்கள். வெயிலுக்காக மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வார்கள். இறங்கும்போது அது படியோரம் கிடக்கும்.

"பாவா, போன வருஷம் கிருத்திகை முடிஞ்சதும் மலையப் பாத்தீங்களா? எல்லாம் உங்க தொப்பி."

"எதிர்க்கடைக்காரன் வித்தது நீலம். நான் வித்தது செவப்பு."

"செவப்புந்தான் கெடந்துது."

"கெடக்கும். வித்தா கெடக்கத்தான செய்யும்."

நான் விடவில்லை. பழைய செய்தித்தாளில் தொப்பி மடிக்கலாம் என்றேன். பெயிண்டர்கள் வேலைக்கு முன் தலையில் மடித்து வைத்துக்கொள்வார்களே, அதே தொப்பி. மண்ணில் விழுந்தால் மக்கிவிடும். தெருப் பெண்களுக்கு வேலை கிடைக்கும். ஒரே கல்லில் சுற்றுச்சூழலும் சமூகமும் (நோட்டில் இதை அடிக்கோடிட்டிருந்தேன்).

பாவா யோசித்தார். அவருக்கு ஒரே ஒரு கவலை. "எல்லையத் தாண்டி நகரி பக்கத்துலேர்ந்து முனிரத்தினம் குழு வரும். ஆம்பளைங்க மட்டும் முப்பது பேரு. எங்கப்பா காலத்துலேர்ந்து செருப்பு, மூட்டை, சோத்துத் தூக்கு எல்லாம் நம்ம கடையிலதான் வைப்பாங்க. கற்பூரத்துலேர்ந்து தொப்பி வரைக்கும் நம்மகிட்டதான் வாங்குவாங்க. அவங்களப் பாத்துத்தான் மத்த குழுவும் வருது. எதிர்க்கடைக்காரன் மூணு வருஷமா இஸ்துகினு போகப் பாக்குறான். அவங்க மட்டும் மொகம் சுளிச்சிகினு போயிட்டா, நான் கடைய சாத்திட்டு உன் பேப்பர்ல பியூன் வேலைக்கு வரணும் மச்சான்."

"என் பொறுப்பு பாவா" என்றேன். அந்த வருஷம் அவர் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை.

தொப்பி மடிக்க அக்கா தெருவிலிருந்த கஸ்தூரியைப் பிடித்தோம். ஆர்.கே.பேட்டைத் தறிக்கார வீட்டுப் பெண். இன்னும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டினேன். எல்லை ஊர் ஆனதால் தமிழ், தெலுங்கு இரண்டும் கலந்திருந்தன.

தொழில் தெரிந்தவன் அல்லவா, பக்கங்களை நானே தேர்ந்தெடுத்தேன். கொலை கிடையாது. விபத்து கிடையாது. நடிகை படம் கிடையாது (சாமி கும்பிடப் போகிறவர் தலையில் எதற்கு). சாமி படமும் கிடையாது (கீழே விழுந்து மிதிபடும்). வேளாண் செய்தி, வெல்லம் விலை, பரீட்சை அட்டவணை மட்டும் தேறின.

தெலுங்குப் பேப்பரில்தான் சிக்கல். எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும். படிக்க ஒரு எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்தில் இது சகஜம். பேசும்போது யாரும் எழுத்தைக் காட்டச் சொல்வதில்லை. ஆகவே படம் பார்த்து முடிவு செய்தேன். எட்டாம் பக்கம் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. தினமும் அதே இடத்தில், கட்டம் கட்டமாக, சுற்றிலும் பூ வேலைப்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் நெற்றியில் பொட்டு வைத்த, கண்ணியமான மனிதர் ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். சில கட்டங்களில் குத்துவிளக்குகூட இருந்தது. மேலே பெரிய எழுத்தில் ஏதோ வாழ்த்து. அறுபதாம் கல்யாணம், பிறந்த நாள் இந்த மாதிரி என்று தீர்மானித்தேன். மங்களகரமான பக்கம்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பேன். வாடிக்கையாளரின் மொழியை மதிக்க வேண்டும் என்று நோட்டில் இருந்தது. எனவே எட்டாம் பக்கத் தொப்பிகளை எல்லாம் தனியாகக் கட்டி, முனிரத்தினம் குழுவுக்கென்று ஒதுக்கிவைத்தேன். பின்பக்கத்தில் பெரிய புடவை விளம்பரம் இருந்ததால் அது வெளியே தெரியட்டும், பூ வேலைப்பாடு உள்ளே தலையைத் தொடட்டும் என்று மடிக்கவும் சொன்னேன்.

கஸ்தூரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சார், நனைச்சுப் பாத்தீங்களா?"

"எதை?"

"பேப்பரத்தான். தலையில ஈர சந்தனம் இருக்குமே. சாயம் எறங்கும்ல. நாங்க நூலு வாங்குனா மொதல்ல ஒரு முனைய நனைச்சு உள்ளங்கையில அழுத்திப் பாப்போம்."

"இது சாயம் இல்லம்மா. அச்சு மை" என்று சிரித்தேன். அச்சு மையின் சேர்மானங்கள் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கினேன். பஜ்ஜியைப் பேப்பரில் பிழிந்தபோதெல்லாம் பஜ்ஜி மேலேயே தலைப்புச் செய்தி பதிந்ததைப் பார்த்தவன் நான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. கஸ்தூரி "ஆங்" என்று சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்கினார். அந்த ஆங்கின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

கிருத்திகையன்று காலையில் முனிரத்தினம் குழு வந்தது. அவர் அறுபதைத் தாண்டியவர், நெடிய ஆள். அந்த வருஷம் பெரிய நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகும் பிழைத்து எழுந்திருந்தார். பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது அவர் மனைவி ராஜம்மா. குழுவில் ஆண்கள் எல்லாருமே அவருக்காகச் சேர்ந்து மொட்டை போட்டிருந்தார்கள். சந்தனம் பளபளக்க முப்பது தலைகள் கடைமுன் நின்றன. நானே ஒவ்வொரு தலையிலும் தொப்பியை வைத்து, நன்றாகப் பொருந்தட்டும் என்று மேலே லேசாக அழுத்தியும் விட்டேன்.

"தெலுகு பேப்பரா?" என்று முனிரத்தினம் சந்தோஷப்பட்டார்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சது" என்றேன்.

பகலில் அவர்கள் இறங்கி வந்தார்கள். வெயிலிலும் வியர்வையிலும் தொப்பிகள் ஊறிக் கிழிந்து போயிருந்தன. கையில் கசக்கிக்கொண்டு வந்து கடை ஓரத்துக் கூடையில் போட்டார்கள். ஒன்றுகூட மலையில் கிடக்கவில்லை. நான் பாவாவைப் பெருமையோடு பார்த்தேன். சந்தனத்தில் கறுப்பாக ஏதோ தீற்றல் தெரிந்தது. விபூதி கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்துத்தான் அது. ஆனால் இடவலம் மாறிப் பதிந்திருந்ததால் மலை முழுக்க ஒருவராலும் படிக்க முடியவில்லை. படிக்க ஒரு கண்ணாடி வேண்டும். குங்குமம் வைத்துப் பார்க்கப் பாவா கடையில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தார்.

ராஜம்மா அதன் முன் நின்று பொட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முனிரத்தினம் குனிந்து செருப்பைத் தேடினார். அவர் மொட்டை முழுவதுமாகக் கண்ணாடியில் விழுந்தது. ராஜம்மாவின் விரல் நெற்றியிலேயே நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ச்ர...த்தாஞ்...சலி."

தமிழில் கண்ணீர் அஞ்சலி என்போமே, அதுதான். எட்டாம் பக்கத்துக் கண்ணியமான மனிதர்கள் அத்தனை பேரும் காலமானவர்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கண்ணாடிமுன் வந்து குனிந்தார்கள். பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார். ஒருவருக்கு முதலாம் ஆண்டு நினைவு. ஒருவருக்கு மீசை வைத்த யாரோ ஒருவரின் முகம், பாதி. இன்னொருவர் உச்சியில் பதினோராம் நாள் காரியத்துக்கு இடமும் நேரமும் தெளிவாக இருந்தன. யாருக்கு என்பது மட்டும் காதுப் பக்கம் போய் அழிந்திருந்தது. அச்சு சுத்தமாக இருந்தது என்பதை ஒரு மெய்ப்பாளனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்க்கடைக்காரர் தன் கடையை விட்டு இறங்கி வந்து நின்று பார்த்தார். பாவா என் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"மச்சான், படிச்சுத்தான பொறுக்குன?"

"படம் பாத்து, பாவா."

ராஜம்மா அழத் தொடங்கியிருந்தார். "செத்துப் பொழச்ச மனுசன். மொட்டை போட்டு எறங்கறதுக்குள்ள அஞ்சலி போட்டுட்டானுங்களே. இனிமே இந்தக் கடை வாசல மிதிக்கிறதா?" குழுவில் இரண்டு பேர் மூட்டைகளைத் தூக்கத் தொடங்கினார்கள்.

"யார் பண்ணது இது?" என்றார் முனிரத்தினம்.

நான் முன்னால் வந்தேன் என்று எழுத ஆசைதான். கடைக்கு உதவியாக வந்திருந்த அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"தெலுகு ராதா உனக்கு?"

"மாட்லாடதானு. சதவடம் ராது" என்றேன். பேசுவேன், படிக்க வராது.

அவர் கண்ணாடியில் தன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ராஜம்மா, அழாத. டாக்டர் நாள் குறிச்சான், தப்பு. பேப்பர்ல போட்டான், அதுவும் தப்பு. நேனு இங்கா பதிகே உன்னானு. நான் இன்னும் உசுரோடதான் கீறேன். போட்டதையே திரும்பப் போட மாட்டான்ல பேப்பர்ல? கேளு இவன, பேப்பர்காரன்தான?"

"போட மாட்டாங்க" என்றேன். பத்திரிகைத் தொழில் பற்றி நான் சொன்னதிலேயே உறுதியான வாக்கியம் அதுதான்.

ராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சும்மா விடவில்லை. "அப்ப இவனுக்கும் மொட்டை. இவன் தலைக்கும் அதே தொப்பி. படி ஏறி எறங்கி வரட்டும். அப்புறந்தான் மூட்டை எங்க வைக்கிறதுன்னு அடுத்த வருசத்துக்கு யோசிக்கலாம்."

பாவா என்னைக் கேட்கவே இல்லை. பத்தே நிமிஷத்தில் என் முடி பொய்கைக் கரையில் கிடந்தது. சந்தனத்தை அக்கா தாராளமாகவே அப்பினாள். மிச்சத் தொப்பிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டது ராஜம்மா. ஆடி வெயிலில், காவடிக் கூட்டத்தில், முந்நூற்றறுபத்தைந்து படியும் ஏறி இறங்கினேன். திரும்பி வந்து கண்ணாடிமுன் குனிந்தபோது முப்பது பேரும் கூடி நின்று படித்தார்கள். "எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற" என்பது வரை என் தலையில் இருந்ததாம். பாவா அதை அப்படியே ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கஸ்தூரி வந்தார். நடந்ததைக் கேட்டார். மிச்சமிருந்த தொப்பி ஒன்றின் முனையைத் தண்ணீரில் தொட்டு, உள்ளங்கையில் அழுத்தி, என் முன்னால் விரித்துக் காட்டினார். எழுத்து அழகாக இறங்கியிருந்தது. மறுவாரம் தறியில் மிஞ்சும் மஞ்சள் துண்டுத் துணியில் ஒரு தொப்பி தைத்துக்கொண்டு வந்து பாவாவிடம் கொடுத்தார். முனையை நனைத்துப் பார்த்தாயிற்று என்றார். துவைத்துத் துவைத்து வருஷக்கணக்கில் போடலாம், யாரும் படியோரம் வீச மாட்டார்கள். அடுத்த கிருத்திகைக்கு முனிரத்தினம் குழு அதைத்தான் மாட்டிக்கொண்டு ஏறியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எதிர்க்கடைக்காரரும் கஸ்தூரியிடமே வாங்கத் தொடங்கினார். திருத்தணியில் ஒரு சிறு தொழில் நேரானது உண்மை. அதில் என் பங்கு என்னவென்று கேட்டால், வாயை மூடிக்கொண்டது.

முடி வளரும்வரை எனக்குப் பெண் பார்ப்பதை அக்கா இரண்டு முறை தள்ளிப்போட்டாள். பயிற்சி நோட்டு பழைய பேப்பர் கடைக்கே போனது.

முனிரத்தினம் ஒவ்வொரு கிருத்திகைக்கும் வந்தார். செருப்பை விட்டதும் முதல் வேலையாகக் கண்ணாடிமுன் போய்த் தலையைக் குனிவார். "தணிகாசலம், பேப்பர்ல வந்துட்டேனா?" பாவா கண்ணாடியை உற்றுப் பார்த்து, "இன்னும் வரலிங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கற்பூரம், தேங்காய் எல்லாம்.

அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. காய்ச்சலில் படுத்து எழுந்தவர் முதலில் கேட்பது அதைத்தான். சில வருஷம் முன்பு எனக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கட்டிலருகே பாவா உட்கார்ந்திருந்தார். கையில் கடைக் கண்ணாடி இல்லை, நர்ஸிடம் கெஞ்சி வாங்கிய சின்னக் கண்ணாடி. என் வழுக்கைத் தலைக்கு மேலே அதைப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"வரல மச்சான்" என்றார். "தெலுங்குலயும் பாத்துட்டேன்."